இரைச்சல் என்று எறியப்பட்டவை

போகிப் பண்டிகைக்கு முந்திய நாட்களில் நம் இல்லங்களின் பரண்கள் ஒழிக்கப்படுகின்றன. விளிம்பு உடைந்த முறமும் பூஞ்சணம் பிடித்த பாடநூல்களும் கீழே இறங்கும்போது, அவற்றோடு அட்டைப்பெட்டி ஒன்றும் இறங்குகிறது. அதனுள் முப்பது நாற்பது ஒலிநாடாக்கள் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் அவற்றை இரண்டாகப் பிரிப்பர். பக்திப் பாடல்களும் கச்சேரிகளும் திரைப்படப் பாடல்களும் ஒரு பக்கம். உறையில் பேனாவால் பெயர் எழுதப்பட்டு, பாடியவர் யார் என்று எவருக்கும் விளங்காதவை மறுபக்கம். முதற்பகுதி மீண்டும் பரணேறும். மற்றதைப் பற்றி, "பிள்ளை காலேஜில் படித்தபோது வாங்கிய கூச்சல், இனி எதற்கு?" என்று தீர்ப்பு வழங்கப்படும். மறுநாள் அது ஆக்ரிக் கடைக்குப் போய்ச் சேரும்.

அத்தீர்ப்பை எதிர்த்து வழக்காடவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. சங்க இலக்கியமும் கம்பனும் பாரதியும் பேசப்பட வேண்டிய மலரில் கிட்டார் இரைச்சலுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். அவர்களே இதனை முதலில் படிக்க வேண்டியவர்கள்.

நாங்கள் என்று இங்கே குறிப்பது, பழவங்காடியையும் சாலைக் கடைத்தெருவையும் சுற்றியுள்ள தமிழ் இல்லங்களில் வளர்ந்து, 1990களில் கல்லூரி வாயிலை மிதித்து, இன்று அலுவலகக் கோப்புகளுக்கிடையே நாற்பது வயதைக் கடந்து நிற்கும் தலைமுறையினரை. எங்கள் தந்தையருட் சிலர் பணி மாற்றலில் இந்நகருக்கு வந்தவர். சிலர் வணிகத்துக்காக வந்தவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த சாலைக் கடைத்தெருவில், தலைமுறை தலைமுறையாகத் தராசு பிடித்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இக்குடும்பத்துப் பிள்ளைகளிற் சிலர் தம் இளமையில் கேட்டதும் பாடியதும் ஆன ஒரு வகை இசையே இங்கு வழக்கில் நிற்கும் பொருள்.

அவ்விசைக்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். 1970களின் இறுதியில் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் தோன்றியது. பாட்டு ஒன்றுக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். மூன்று நான்கு ஸ்வரக் கூட்டுகள். மூச்சு முட்டும் வேகத்தில் டிரம்ஸ். பாடுவோன் பாடுவதில்லை, முழங்குவான். பிளாக் பிளாக், மைனர் திரெட், பேட் பிரெய்ன்ஸ் என்பன அதன் முன்னோடிக் குழுக்கள். இவற்றையேனும் இசை வரலாற்று நூல்கள் குறித்து வைத்துள்ளன. 1982இல் பெய்த் என்னும் குழுவோடு ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்களைப் பகிர்ந்துகொண்ட வாய்ட், 1983இல் தன் பெரிய இசைத்தட்டை வெளியிட்ட டெட்ராய்ட் நகரத்து நெகட்டிவ் அப்ரோச் போன்றவற்றின் பெயரைத் தேடித் தெரிந்தவர் மட்டுமே அறிவர். பம்பாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் பையன் ஒருவன் கொண்டுவந்த நாடாவை, இரட்டை நாடாப் பெட்டி வைத்திருந்த நண்பன் வீட்டில் நகலெடுத்து, அந்நகலை மீண்டும் நகலெடுத்து நாங்கள் கேட்டோம். மூன்றாம் நகலில் பாட்டைவிட நாடாவின் சீறலே மிகுதி. ஆயினும் கேட்டோம்.

நம் நாட்டிலும் வேறொரு கிளையாக ராக் இசை அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. 1977இல் கொச்சியில் தோன்றிய பதின்மூன்று ஏ.டி. என்னும் குழு 1990இல் கிரவுண்ட் ஜீரோ என்னும் தொகுப்பை வெளியிட்டது. 1993இல் அலகாபாத்தில் அமித் சைகல் என்பவர் ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் என்னும் இதழைத் தொடங்கினார். 1996இல் கொச்சியில் மதர்ஜேன் குழு பிறந்தது. 2003இல் இதே திருவனந்தபுரத்தில் அவியல் என்னும் குழு எழுந்து, ஆங்கிலத்தை விட்டு மலையாளத்திலேயே ராக் பாடி, 2008இல் தன் முதல் தொகுப்பை அளித்தது. மலையாள நண்பர்கள் இக்குழுக்களை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். தமிழராகிய நாமோ, நம் பிள்ளைகள் அதே தெருவில் என்ன செய்தனர் என்று கேட்டறியவும் முனைந்தோமில்லை.

பறையும் யாழும்

இகழ்ச்சிக்கு முதற் காரணமாகக் கூறப்படுவது ஓசை. இசை என்றால் இனிமை. இதுவோ வெறும் இரைச்சல் என்பர். தமிழ் இலக்கணம் அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்து யாழை மட்டும் கூறி அமையாது, பறையையும் தனியே கூறுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று பின்னோர் விரித்துரைத்தனர். வாழும் மக்களுக்கு நயமான ஓசையும் வேண்டும், அதிரும் ஓசையும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பழவங்காடிக் கணபதியின் திருமுன் நாள்தோறும் தேங்காய் உடைபடும் ஓசையை நம்மில் எவரும் இரைச்சல் என்று சொல்வதில்லை. உடைப்பவன் நெஞ்சில் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று நாம் அறிவோம்; ஆதலால் அவ்வோசை நமக்குப் பொருளுடையதாகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை கிட்டாரை அறைந்து முழங்கியபோதும் அவன் நெஞ்சில் ஒன்று இருந்தது. அது யாது என்று கேட்காமலே இரைச்சல் என்று முத்திரை குத்தினோம்.

இரண்டாவது காரணம் அந்நியம் என்பது. வயலின் எந்நாட்டுக் கருவி? முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்றுக் கர்நாடக இசைக்கு ஏற்றதாக்கினார் என்பது வரலாறு. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம் பெரியோர் கச்சேரியாகவே மதியார். ஆர்மோனியத்தின் கதை இன்னும் அறிவூட்டுவது. அதனை அந்நியக் கருவி என்றும் நம் சுருதிக்கு ஒவ்வாதது என்றும் சொல்லி, 1940ஆம் ஆண்டு முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஒதுக்கி வைத்தது. அதே ஆர்மோனியம் தமிழ் நாடக மேடையில் அரசோச்சியது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலுக்கு அவர் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் துணை நின்றதை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிட்டப்பா பிறந்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர் நாட்டோடும் அதன் வழிவந்த அரசோடும் இருந்த மண்; அவ்வகையில் அவர் நமக்கு அண்டை வீட்டுப் பிள்ளை. 1933இல், 30 வயதை எட்டுமுன்னரே அவர் மறைந்தார். கூத்தாடிப் பாட்டு என்று உயர்குடி வீடுகள் ஒரு காலத்தில் ஒதுக்கிய நாடகப் பாட்டு, இசைத்தட்டில் பதிந்திருந்த காரணத்தால் மட்டுமே இன்று செல்வமாகக் கருதப்படுகிறது. பதியாமற் போனவை காற்றோடு போயின.

நெருப்புக்கும் நீருக்கும் ஈந்தவை

எறிவதில் நமக்கு நெடிய பழக்கம் உண்டு. உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொல்லக் கேட்டு வருந்திய செய்தியைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஏட்டைத் தீயிலிட்டவர் கொடியவர் அல்லர். பயனற்ற பழம்பொருளை முறைப்படி கழிக்கிறோம் என்றே அவர் எண்ணியிருப்பர். நம் வீட்டுப் பரணை ஒழிப்பவரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் தமிழ்நாடு கண்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நில்லாமல், பிறர் குப்பை என்று கருதிய துண்டு அறிக்கைகள், நாடக விளம்பரத் தாள்கள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்று தமிழர் வாழ்வை ஆராய்வோர் உலகின் பல மூலைகளிலிருந்தும் அந்நூலகத்துக்கு வருகின்றனர். பேரிலக்கியங்களைப் பேணப் பலர் இருந்தனர். நாடகக் கொட்டகையின் துண்டு அறிக்கையைப் பேண ஒருவர்தாம் இருந்தார். சிறியவற்றை அவர் சேர்த்திராவிடின், அந்நாளில் சாதாரண மக்கள் எதைக் கேட்டனர், எதற்குக் காசு கொடுத்தனர் என்பவற்றை அறிய வழியே இராது.

பலருக்குத் தெரியாத குழுவின் பாட்டுக்கு என்ன மதிப்பு என்று வினவுவோர்க்குச் சங்கத் தொகை நூல்களே விடை தருகின்றன. ஒரே ஒரு பாட்டால் மட்டும் அறியப்படும் புலவர் அவற்றில் பலர். செம்புலப்பெயனீராரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அணிலாடு முன்றிலாரின் பெயரும் அவ்வாறே. தம் பாட்டின் தொடராலேயே அவர்கள் பெயர் பெற்றனர். ஒரு பாட்டு மட்டும் பாடிய பெயரறியாப் புலவர் எதற்கு என்று தொகுத்தவர் விலக்கியிருப்பின், குறுந்தொகை எவ்வளவு வறுமையுற்றிருக்கும்!

வாஷிங்டன் தந்த பாடம்

எங்கள் நாடாக்களின் தாயகமாகிய வாஷிங்டனில் என்ன நிகழ்ந்தது என்பதைக் காண்போம். 1980இல் டீன் ஐடில்ஸ் என்னும் பள்ளிப் பிள்ளைகளின் குழு கலைந்தது. கச்சேரிகளில் கிடைத்துச் சேர்த்து வைத்திருந்த சில நூறு டாலர்களைப் பங்கிட்டுக்கொள்ளாமல், அதைக் கொண்டு தம் பாட்டுகளை ஒரு சிறிய இசைத்தட்டாக வெளியிட்டனர். அதற்காகத் தோன்றியதே டிஸ்கார்ட் என்னும் பதிப்பகம். முதலில் அச்சிட்ட பிரதிகள் 1000. உறைகளை வெட்டி, மடித்து, ஒட்டியவர்கள் அப்பிள்ளைகளும் அவர் தம் நண்பர்களுமே. அப்பதிப்பகம் இன்றும் நடைபெறுகிறது. அதனைத் தொடங்கியவருள் ஒருவராகிய இயன் மெக்கே பின்னர் நடத்திய புகாசி என்னும் குழு தன் மேடை நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவற்றை ஒலிப்பதிவு செய்து வைத்தது. 2011 முதல் அவை நூற்றுக்கணக்கில் மக்கள் கேட்கும் வண்ணம் வெளியிடப்பட்டன.

அதைவிடக் கருதத்தக்கது, அந்நகரின் பொது நூலகம் செய்த செயல். 2014இல் அது தன் நகரத்துப் பங்க் இசைக்கெனத் தனி ஆவணத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கியது. இசைத்தட்டு, ஒலிநாடா, கையால் வரைந்த சுவரொட்டி, நகலெடுத்து விற்ற சிற்றிதழ், நிழற்படம் என அனைத்தையும் மக்களிடமிருந்து பெற்றுச் சேர்த்தது. அரசுப் பணத்தில் இயங்கும் நூலகம் தெருப்பிள்ளைகளின் கூச்சலைச் சேர்த்து வைக்கலாமா என்று அங்கும் சிலர் கேட்டிருக்கலாம். ஆயினும் அந்நகரில் வெள்ளையரும் கறுப்பரும் ஆன இளைஞர் என்ன நினைத்தனர், எதற்குச் சினந்தனர் என்பதற்கு அத்தொகுப்பு இன்று சான்றாக நிற்கிறது. பேட் பிரெய்ன்ஸ் குழுவினர் கறுப்பர். தம் ஊரிலேயே தமக்கு மேடை மறுக்கப்பட்டதை அவர்கள் பாட்டாக்கினர். நகர மன்றத்துக் கோப்புகளைவிட அப்பாட்டு அந்நகரின் உள்ளத்தை நன்கு காட்டுகிறது.

1829இல் தோன்றிய பெருமைமிக்க பொது நூலகம் நம் திருவனந்தபுரத்திலும் உண்டு. ஆயினும் இந்நகரில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் ஒலிநாடாவை அந்நூலகம் தேடி வந்து வாங்கும் என்று காத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. அது நாமே செய்ய வேண்டிய பணி. ஏன் என்பதை அடுத்துக் கூறுகிறோம்.

இரு கரைக்கும் அயலார்

1990களின் பிற்பகுதியில் எங்கள் நண்பர் நால்வர், சாலையில் வெல்ல மண்டி ஒன்றின் பின்புறக் கிடங்கில் ஞாயிறுதோறும் கூடினர். இருவரிடம் கிட்டார் இருந்தது, ஒருவன் இரவல் டிரம்ஸைத் தட்டினான், நான்காமவன் பாடினான். அவர்கள் இன்று பிள்ளை குட்டிகளோடு வாழ்பவர்கள். ஆதலால் அவர்கள் பெயரையும் குழுவின் பெயரையும் அவர் இசைவின்றி இங்கே எழுதோம். ஏழு பாட்டுகளை அவர்கள் ஒரே மாலையில் பதிவு செய்தனர். ஏழும் சேர்ந்து 14 நிமிடம். 50 நாடாக்களில் நகலெடுத்து, ரப்பர் முத்திரையால் உறையில் பெயர் குத்தி, நண்பர்களுக்குக் கொடுத்தனர். அதன் பின் ஒருவன் வளைகுடாவுக்குப் போனான், ஒருவனுக்கு வங்கியில் வேலை கிடைத்தது, குழு கலைந்தது.

அவற்றுள் ஒரு பாட்டு தமிழில் அமைந்தது. ஒன்றரை நிமிடத்தில் முடிவது. வகுப்பில் உடன் படிப்போர் தன்னைப் பாண்டி என்று அழைப்பதையும், விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ சென்றால் அத்தை மக்களும் மாமன் மக்களும் தன் பேச்சைக் கேட்டு, மலையாளத்தான் வந்துவிட்டான் என்று நகைப்பதையும் பாடுவோன் முழங்குகிறான். எவ்வூர் என் ஊர் என்று அவன் வினவவில்லை. இரண்டு ஊரையும் சேர்த்து ஏசுகிறான். நயமான பாட்டு என்று எவரும் அதனைச் சொல்ல மாட்டார். ஆனால் இந்நகரத் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொருவனும் பள்ளி மைதானத்தில் விழுங்கிய அச்சொல்லை, வீட்டில் பெற்றோரிடமும் சொல்லாது மறைத்த அச்சொல்லை, அப்பாட்டு வெளியே துப்பியது.

அதே ஆண்டுகளில் அச்சான விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். வாழ்த்துச் செய்திகள் உள்ளன. பொன்னாடை போர்த்தும் படங்கள் உள்ளன. மொழியின் தொன்மை பற்றிய கட்டுரைகள் நிரம்ப உள்ளன. நகைக்கடை விளம்பரங்கள் முழுப்பக்கத்தில் உள்ளன. பாண்டி என்ற சொல் நம் பிள்ளையின் நெஞ்சில் எவ்வாறு தைத்தது என்பதைப் பற்றி நாங்கள் படித்த மலர்களில் ஒரு வரியும் இல்லை. பெரியவர்களுக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தும், விருந்தினராய் வாழும் இடத்தில் அதனைப் பேசுவது முறையன்று என்று அடக்கிக்கொண்டனர். அவர்கள் அடக்கம் அவர்கள் காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். அடக்காது பேசிய ஒரே சான்றையும் ஆக்ரிக்காரனிடம் எடைக்குப் போடுவது எக்காலத்துக்கும் பொருந்தாது.

இத்தகைய நாடாவுக்கு உரிமை கொண்டாட எவரும் இல்லை என்பதே எங்கள் கவலை. கேரள இசை வரலாறு எழுதுவோர், அது தமிழில் அமைந்தது என்று விட்டுவிடுவர். தமிழ்நாட்டு இசை வரலாறு எழுதுவோர், அது கேரளத்தில் நிகழ்ந்தது என்று விட்டுவிடுவர். குடிபெயர்ந்தோர் நினைவு இவ்வாறு இரு வீட்டாராலும் கைவிடப்படுகிறது. நமக்கே இந்நிலை என்றால் கடல் கடந்தோர் நிலை என்ன? 1992இல் சிங்கப்பூரில் தமிழ் இளைஞர் தொடங்கிய ருத்ரா என்னும் மெட்டல் குழு, 1998இல் முதல் தொகுப்பையும், 2003இல் குருக்ஷேத்திரா என்பதையும், 2005இல் பிரம்மவித்யா என்னும் வரிசையின் முதற் பகுதியையும் வெளியிட்டது. வேதாந்தக் கருத்துகளை இடியோசையில் பாடும் அக்குழுவை உலகெங்கும் உள்ள மெட்டல் இரசிகர்கள் அறிவர். வேதாந்தமும் தமிழர் பெருமையும் முழங்கும் நம் மேடைகளில் அவர்கள் பெயரை நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை.

இணையம் காக்கும் என்னும் மயக்கம்

இக்காலத்தில் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன, நாடாவைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பர் இளையோர். இணையத்தில் இருப்பது எவரோ ஒருவர் ஏற்றி வைத்தது. ஏற்றாதது அங்கே இல்லை. ஏற்றியதும் நிலைக்கும் என்ற உறுதி இல்லை. சிறு குழுக்கள் தம் பாட்டுகளை ஏற்றி வைப்பதற்கு ஒரு காலத்தில் மைஸ்பேஸ் என்னும் தளமே உலகெங்கும் பெரும் புகலிடமாக விளங்கியது. 2015க்கு முன் ஏற்றப்பட்ட பாட்டுகள், சேமிப்புக் கணினிகளை மாற்றும் வேலையின்போது அழிந்துபோயின என்று அந்நிறுவனம் 2019இல் அறிவித்தது. அழிந்தவை 5 கோடிக்கும் மேற்பட்டவை என்று செய்திகள் கூறின. பெரும் பாடகர்க்கு இதனால் இழப்பில்லை. அவர் பாட்டு வேறு நூறு இடங்களில் உண்டு. இழந்தவர் எல்லாரும் பெயரறியாச் சிறியோர். கரிவலம்வந்தநல்லூர் ஓமத் தீயைக் காட்டிலும் பெரிய தீ இது. புகையே எழாமல் எரிந்தது.

எங்கள் தலைமுறையில் ஒரு சாராரையும் இங்கே கண்டிக்காமல் விடுவதற்கில்லை. அரிய இசைத்தட்டு தன்னிடம் உள்ளது என்று பெருமை பேசுவர், கேட்கத் தருவதில்லை. எவரும் அறியாத குழுவின் பெயரைச் சொல்லி, கேட்பவன் விழிப்பதைக் கண்டு மகிழ்வர். அறியாதவனுக்கு அறிவிப்பதை விட்டு, அறியாமையை அளக்கும் கோலாக நினைவைப் பயன்படுத்துவர். ஏட்டைப் பெட்டியில் பூட்டி, படிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிய பழைய ஏட்டுக்காரர்க்கும் இவர்க்கும் என்ன வேறுபாடு? பெட்டிக்குள் செல்லரித்தாலும் ஏடு அழிந்ததுதான். ஒலிநாடா தோன்றியதே பகிர்ந்துகொள்ளும் இயல்போடு என்பதை இவர்கள் மறந்துவிட்டனர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அதனை அறிமுகம் செய்தது. எவரும் தம் வீட்டிலேயே பதியலாம், நகலெடுக்கலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. நம் நாட்டில் 1980களில் அது பரவியபோது, இசைத்தட்டு உலகில் கிராமபோன் கம்பெனி கொண்டிருந்த தனியாட்சி தளர்ந்தது. நாட்டுப்பாட்டும் கானாவும் வட்டாரப் பக்திப் பாட்டும் அதன் பின்னரே பெருமளவில் வீடு தேடி வந்தன. கிடங்கில் பாடிய நால்வருக்கும் இடம் கிடைத்தது அதனாலேயே. பலர் கைக்கு எட்டியதால் பிறந்த பொருளை ஒருவர் கைக்குள் அடைப்பது அதன் பிறப்புக்கே பகை.

செய்யத்தக்கவை

குறை கூறி முடிப்பது எங்கள் நோக்கம் அன்று. காலம் குறுகியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒலிநாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய பிளாஸ்டிக் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஈரம் ஏறினால் பசை இளகும், பூஞ்சணம் படரும், துகள் உதிர்ந்தால் பாட்டும் உதிரும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரப் பெறும் இந்நகரில் ஈரத்துக்குக் குறைவில்லை. 25 ஆண்டு பரணிற் கிடந்த நாடா இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே நம் சங்கத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: சங்க நூலகத்தில் ஒரு அலமாரியை ஒலிநாடாக்களுக்கென ஒதுக்குக. உறுப்பினர் இல்லங்களில் உள்ள, கடையில் விற்காத, வீட்டிலும் கிடங்கிலும் கல்லூரி விழாவிலும் பதிவான நாடாக்களைக் கேட்டுப் பெறுக. ராக் மட்டும் அன்று. திருமண வீட்டு நலங்குப் பாட்டு, பாட்டிமார் தாலாட்டு, மெல்லிசைக் குழுக்களின் மேடைப் பதிவு ஆகிய எல்லாம் வரட்டும். தரம் பிரிக்கும் வேலையைப் பின்வருவோர்க்கு விடுக.

இரண்டு: நாடாக்களை நெட்டுக்குத்தாக, ஈரமும் வெயிலும் படாமல் வைக்க வேண்டும். நாடாவின் முதுகில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளைப் பெயர்த்துவிட்டால், தவறி அதன் மேல் வேறொன்றைப் பதிந்துவிட முடியாது. பூஞ்சணம் தெரியும் நாடாவை ஒருபோதும் உடனே ஓட விடலாகாது. அது நாடாவையும் கெடுத்துக் கருவியையும் கெடுக்கும்.

மூன்று: நல்ல நிலையிலுள்ள ஒரு நாடாப் பெட்டியைக் கணினியோடு இணைத்து, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்காத கோப்பாகப் பதிவு செய்க. சீறலை நீக்குகிறோம் என்று முதற்பதிவைத் திருத்த வேண்டா. மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும்.

நான்கு: ஒவ்வொரு நாடாவோடும் ஒரு தாள் இருக்கட்டும். யார் பாடினர், எங்கே, எந்த ஆண்டு, எத்தனை நகல் எடுத்தனர், எதற்காகப் பாடினர் என்று பாடியவரையே கேட்டு எழுதுக. அவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். ஏடு தேடியவர்க்குக் கிடைக்காத பேறு இது. அவர் இசைவின்றி எதனையும் பொதுவில் வெளியிடலாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டுகள் நிலைக்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

ஐந்து: அடுத்த மலர் தொடங்கி, ஆண்டுதோறும் இரண்டு பக்கங்களை இவ்வலமாரியில் சேர்ந்தவற்றின் பட்டியலுக்கும் அவற்றின் கதைக்கும் தருக. விளம்பரப் பக்கங்களில் இரண்டு குறைந்தால் சங்கம் நலிந்துவிடாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று பொருளாளர் வினவுவார். இரண்டு பொன்னாடைகளின் விலையில் முதலாண்டு வேலையைத் தொடங்கிவிடலாம் என்பது அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்துப் பழகிய எங்கள் மதிப்பீடு. பதிவு செய்யும் வேலைக்குக் கூலி வேண்டியதில்லை. சனி, ஞாயிறுகளில் நாங்கள் வந்து செய்கிறோம். அலமாரிச் சாவியைத் தருவது மட்டுமே சங்கத்திடம் நாங்கள் கேட்பது.

வீட்டுப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். வரும் போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, பெயர் விளங்காத நாடா கையில் வந்தால், பிள்ளையை ஒரு சொல் கேளுங்கள். அவன் நாற்பது வயதைக் கடந்து தில்லியிலோ துபாயிலோ இருக்கலாம், தொலைபேசியில் கேளுங்கள். அந்நாடாவில் என்ன இருக்கிறது, அன்று ஏன் அப்படிக் கத்தினாய் என்று கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் அவன் உங்களிடம் சொல்லாத ஒன்றை அன்று சொல்லக்கூடும். பிறகு நாடாவைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.